வெர்டிக்கியோ: புட்டியும் ஒயினும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இத்தாலிய வெள்ளை ஒயின்களைப் பற்றிய கட்டுரையில் வெர்டிக்கியோவை உயர்வாகச் சொல்லியிருந்தீர்கள். நான் அறிந்தவரை அது இடை சிறுத்த பச்சைப் புட்டியில் வரும் மலிவான ஒயின். மீனோடு குடித்துவிட்டு மறந்துவிடலாம். வெள்ளை ஒயினை ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும் என்பதுதானே வழக்கம்? இதில் அப்படி என்ன சிறப்பு?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் சொல்லும் புட்டி, பண்டைய ஆம்போரா ஜாடியின் சாயலில் ஃபாட்ஸி பத்தாலியா நிறுவனத்துக்காக 1950களில் வடிவமைக்கப்பட்டது. அட்ரியாட்டிக் கடலோரம் உள்ள மார்க்கே மாநிலத்தின் இந்த ஒயினை வெளியுலகுக்குக் கொண்டுசென்றது அதுதான். ஆனால், உள்ளே இருக்கும் திராட்சையைப் பற்றி யாரும் கேட்காமல் போனதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

திராட்சையின் பெயரும் வெர்டிக்கியோதான். கோப்பையைச் சற்றே சாய்த்துப் பார்த்தால் வெளிர்மஞ்சளின் ஊடே ஒரு பச்சைச் சாயல் தெரியும். வெயில் மிகுந்த ஊர்களில் பல வெள்ளைத் திராட்சைகள் சர்க்கரை ஏற ஏறப் புளிப்பை இழந்துவிடுகின்றன. இதுவோ நன்றாகப் பழுத்த பின்னும் தன் டார்டாரிக் அமிலத்தை விடாமல் வைத்திருப்பதால், சர்க்கரை முழுவதும் நொதித்து இனிப்பு நீங்கிய பிறகும் ஒயின் சப்பென்று ஆவதில்லை. இளமையில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் மேலோங்கும். விழுங்கிய பின் அடிநாக்கில் பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பு நிற்கும். அந்தக் கசப்பைக் குறையாக எண்ண வேண்டாம், அதுவே இதன் முத்திரை. நல்ல தோட்டத்து வெர்டிக்கியோவை அந்த அமிலமே பத்தாண்டுகள் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும், காப்பாற்றுகிறது; அதற்குள் பழவாசனை பின்வாங்கி, தேனும் உலர்ந்த மூலிகையும் முன்னுக்கு வந்துவிடும். ஆகவே நீங்கள் சொன்ன வழக்கம் பெரும்பாலான எளிய வெள்ளை ஒயின்களுக்குச் சரியே என்றாலும், இதற்கு முழுமையாகப் பொருந்தாது.

புட்டியில் ஊர்ப்பெயரையும் பாருங்கள். அங்கோனா மாவட்டத்து யேசி நகரைச் சூழ்ந்த குன்றுகளில் விளைவது ‘காஸ்டெல்லி டி யேசி’, 1968இல் டி.ஓ.சி. எனும், விளையும் இடத்தைச் சட்டப்படி உறுதிசெய்யும் தகுதியைப் பெற்றது. மாத்தெலிக்காப் பள்ளத்தாக்கின் வெர்டிக்கியோ அதற்கு ஓராண்டு முன்பே அதைப் பெற்றது. மார்க்கேயின் மற்றப் பள்ளத்தாக்குகள் கடலை நோக்கித் திறந்திருக்க, இது மட்டும் வடக்குத் தெற்காக மலைகளுக்கிடையே ஒதுங்கியிருக்கிறது. கடற்காற்று எட்டாத இங்கே பகல் வெப்பத்துக்குப் பின் இரவு நன்றாகக் குளிர்ந்துவிடுவதால் ஒயினில் புளிப்பும் இறுக்கமும் கூடுதல். எனக்கு நெருக்கமானது இதுதான்.

மீனோடு குடிப்பதில் தவறே இல்லை. தக்காளியும் வினிகரும் சேர்ந்த அங்கோனாவின் மீன்குழம்பான புரொதெத்தோவுக்கு ஈடுகொடுக்க இத்தகைய புளிப்பு வேண்டும். ஆனால் அடுத்த முறை ‘ரிசெர்வா’ என்று அச்சிட்ட புட்டியை வாங்குங்கள். குறைந்தது 18 மாதங்கள் முதிர்ந்த பிறகே அது விற்பனைக்கு வரும். ஐஸ் போலக் குளிரவைத்தால் வாசனை அடங்கிக் கசப்பு மட்டுமே துருத்தி நிற்கும்; 12 டிகிரி அளவில் ஊற்றி, கால் மணி நேரம் பொறுத்துக் குடித்துப் பாருங்கள்.