தீர்ப்பில் 3, டிக்ரியில் 8: அப்பீல் தேவையில்லை

கடலூர் நிலத்துக்குத் தீர்ப்பில் சர்வே எண் 112/3, அதை வைத்து கோர்ட் எழுதும் முறையான உத்தரவான டிக்ரியில் 112/8 என்று விழுந்திருக்கிறது, அப்பீல் போகணுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். டிக்ரி தீர்ப்போடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 20 விதி 6. தீர்ப்பைப் பார்த்து டிக்ரி எழுதியவருக்குக் கை தவறியிருக்கும். அதே கோர்ட்டில் பிரிவு 152-இன் கீழ் திருத்த மனு போடுங்கள்.

அதற்கு முன், பிராதின் (வழக்குப் போட்டபோது கோர்ட்டில் கொடுத்த மனு) கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தைப் பாருங்கள். அங்கேயே 8 இருந்தால் எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிராதையும் திருத்தக் கேட்க வேண்டிவரும், கொஞ்சம் இழுக்கும். யாராவது 'பேனாவிலேயே மாத்திடலாம்' என்றால் கேட்காதீர்கள்.

அப்புறம், டிக்ரி எப்போது தயாரானாலும் அதில் தீர்ப்புச் சொன்ன தேதிதான் இருக்கும். அது பிழையில்லை.