உழவரின் முகங்கள்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் உழவர்களை நேரில் அமர்த்தித்தான் வரைந்தார்களா?

பதில்: எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. பிரான்சின் மில்லே, 1857இல் காட்சிக்கு வைத்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' ஓவியத்தில், முகங்களை நிழலில் விட்டுவிட்டு வளைந்த முதுகுகளுக்கே முதன்மை தந்தார். ஜெர்மானியரான வில்ஹெல்ம் லைபிளோ, பவேரியக் கிராமமொன்றின் தேவாலயத்திலேயே பெண்கள் மூவரை அமர்த்தி, 1878 முதல் 1882 வரை அந்த ஓர் ஓவியத்தில் உழைத்து, முதியவளின் கைச்சுருக்கங்களையும் இளம்பெண்ணின் ஆடை நெசவையும் ஒரே அக்கறையுடன் தீட்டினார்; ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கும் அவ்வோவியத்தில் உழைப்பாளி மீதான இரக்கம் துளியும் இல்லை என்பதே, என் கருத்தில், அதன் பெருமை. வான்கோவும் நெதர்லாந்தின் நியூனென் ஊரில் உழவர்களுக்குக் கூலி கொடுத்து அமர்த்தி, 1885இல் முடித்த 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்துக்கு முன்பயிற்சியாக அவர்களுடைய முகங்களைத் தொடர்ந்து வரைந்தார்.