இலவ மரத்துக்கு ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) மகரந்தம் சேர்க்கிறதா? மழைக்காட்டு மரத்தையும் ஓசனிச்சிட்டையும் எப்படி ஒப்பிடுவது?

மத்திய அமெரிக்கக் காடுகளில் இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. ஆனால் இலவத்தின் முதன்மை மகரந்தச் சேர்க்கையாளர் வௌவால்தான். நம்மூர்த் தலையணைப் பஞ்சைத் தரும் அதே மரம், அங்கே 60 மீட்டர்வரை வளரும். வறண்ட மாதங்களில் இலையுதிர்த்துப் பூக்கும். கிளைகள் வெறுமையாக இருப்பதால் வௌவால் தடையின்றி வந்துபோகும். பூக்கள் வெளிறியவை, மாலையில் மலர்பவை, நாற்றமுள்ளவை. ஓசனிச்சிட்டுகளை நம்பும் பூக்களோ பெரும்பாலும் சிவந்த குழல் வடிவம், பகலில் மலர்பவை, மணமற்றவை. காலையில் மிஞ்சிய தேனைக் குடிக்க அந்தச் சிட்டுகளும் இலவத்துக்கு வரும். அதைப் பார்த்துத்தான் பலர் தவறாக முடிவுகட்டுகிறார்கள்.

உயரம், எடை என்று ஒப்பிடுவதில் பயனில்லை. செவ்வால் ஓசனிச்சிட்டின் எடை சுமார் 5 கிராம்தான். ஆற்றலை எப்படிக் கையாள்கின்றன என்று பாருங்கள், அதுதான் சுவையான இடம். மரம் சேமித்துவைத்து, சில ஆண்டுகள் பூக்காமலேகூட இருந்துவிடும். அந்தரத்தில் நின்றபடி சிறகடிக்கும் சிட்டுக்கு அந்த வசதி கிடையாது; பகல் முழுக்கத் தேனும் சிறு பூச்சிகளும் வேண்டும். உணவு குறைந்தால் இரவில் உடல் வெப்பத்தைத் தணித்து, உறக்கத்தைவிட ஆழ்ந்த மந்த நிலைக்குப் போய்த்தான் உயிர் காக்கும்.