கடற்காற்றும் கேன்வாஸ் படமும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், தன் அப்பா வலை இழுக்கும் புகைப்படத்தை நான்கடி அகலம், மூன்றடி உயரத்தில் கேன்வாஸ் துணியில் அச்சிட்டு அனுப்பியிருந்தான். அதை முன்னறையின் மேற்குச் சுவரில் மாட்டினோம். இரண்டு வருடம் கழிவதற்குள் துணி நடுவில் தொய்ந்து, பின்பக்கம் கறுப்புப் புள்ளிகள் விழுந்து, ஆணியின் துரு சுவரில் கோடாக வழிந்துவிட்டது. அதே படத்தை மறுபடி அச்சிட்டு வைத்திருக்கிறோம். இம்முறை எங்கே, எப்படி மாட்ட வேண்டும்?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: அம்மா, தாங்கள் எழுதியிருக்கும் கோளாறுகளில் படத்தின் குற்றம் எதுவும் இல்லை, சுவரையும் ஆணியையும்தான் மாற்ற வேண்டும். குமரி மாவட்டம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையையும் வாங்குவதால், வெளிச்சுவர்கள் முழுதாகக் காய்வதற்குக் கிடைக்கும் மாதங்கள் மிகக் குறைவு. அதிலும் கடலைப் பார்த்த மேற்குச் சுவரில் ஆனி, ஆடிச் சாரல் நேராக அறைகிறது. பூச்சின் வழியாக உள்ளே வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்கும் துணிக்கும் இடையில் தங்கி நின்றதால்தான் பூஞ்சை பிடித்திருக்கிறது. பருத்தி கலந்த துணியும் மரச்சட்டமும் ஈரத்தை வாங்கி வாங்கி விடுபவையாதலால், நாளடைவில் துணி தளர்ந்து தொய்வதும் இயல்பே.

ஆகவே முதலில் சுவரை மாற்றுங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கும் உட்சுவரே சிறந்தது. ஆனால் அதன் மறுபக்கம் குளியலறையாக இருக்கக் கூடாது. மேற்கு ஜன்னலின் மாலை வெயில் எதிர்ச்சுவரில் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதையும் ஒரு நாள் உட்கார்ந்து கவனியுங்கள். அந்த வெயில் நாள்தோறும் விழும் இடத்தில் எவ்வளவு நல்ல மையும் வெளிறும். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று ஐயம் இருந்தால், ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துகள் அரும்பியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம்.

எந்தச் சுவரானாலும் படத்தின் முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நாற்காலிக் கால்களுக்கு வாங்கும் ரப்பர்க் குமிழ்களில் இரண்டைச் சட்டத்தின் கீழ் மூலைகளில் ஒட்டினால், அரை அங்குல இடைவெளி கிடைத்துப் பின்னால் காற்று ஓடும். அந்த இடைவெளியில் குளவி மண்கூடு கட்டும், பல்லியும் குடியேறும் என்பது உண்மைதான். கிறிஸ்துமசுக்கு வீட்டை ஒதுக்கும்போது ஒருமுறையும், ஆடிச் சாரல் ஓய்ந்ததும் ஒருமுறையும் படத்தை இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் போதும். ஈரத்துணி வேண்டாம்.

ஆணியை விட்டுவிட்டு ஸ்க்ரூவுக்கு மாறுங்கள். கடையில் வெறுமனே 'எஸ்.எஸ். ஸ்க்ரூ', அதாவது துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ என்று கேட்டால் பெரும்பாலும் 304 ரகம் தருவார்கள். உப்புக்காற்றை அதைவிட நன்றாகத் தாங்குவது 316 ரகம். நான்கடி அகலப் படத்தை ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கவிட்டால், கதவை அடைக்கும் ஒவ்வொரு முறையும் அது சற்றே சாயும். இரண்டாகப் போட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய படத்தைப் புதியதன் அருகில் வைக்காதீர்கள். மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, உலர்ந்த தூரிகையால் பின்புறத்தைத் தட்டிவிடுங்கள். புள்ளிகள் முன்பக்கத்துக்கு வந்திருந்தால் அவை போகமாட்டா. தொய்வைப் போக்க, சட்டத்தின் உள்மூலைகளில் காடி, அதாவது ஆப்பு செருகும் பள்ளம், வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் சிறு மர ஆப்புகளை மெல்லத் தட்டி இறக்க, துணி விறைக்கும். காடி இல்லாத சட்டமானால், பின்களைக் கழற்றித் துணியை மறுபடி இழுத்து அடிக்கப் படச்சட்டம் போடும் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பின்னால் தண்ணீர் தெளித்தால் இறுகும் என்று யாராவது சொன்னால், அச்சுப் படத்துக்கு அதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: துளை போட்டுப் பிளாஸ்டிக் பிளக் செருகினாலும், ஸ்க்ரூவை முறுக்கும்போது பிளக் சேர்ந்து சுற்றுகிறது. கொத்தனார் மரக்கட்டை அடிக்கச் சொல்கிறார். சரியா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மரக்கட்டை ஈரத்தில் ஊதி, வேனிலில் சுருங்கி, பின் கழன்றுவிடும், செதல் உள்ள வீட்டில் அதற்கு விருந்து வைத்ததாகவும் ஆகும். உட்பூச்சு அரை அங்குல அளவே இருக்கும்; பிளக் அந்தப் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டால் சுற்றத்தான் செய்யும். 6 மில்லிமீட்டர் துளையை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஆழமாக, செங்கலுக்குள் போகும்படி போடுங்கள். செந்தூளுக்குப் பதிலாகச் சாம்பல் நிறத் தூளே தொடர்ந்து வந்தால் இரண்டு செங்கலுக்கு இடையிலுள்ள கலவையில் துளைக்கிறீர்கள் என்று பொருள், ஓரங்குலம் தள்ளிக்கொள்ளுங்கள். துளையிலுள்ள தூளை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கைச் செருக வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். ஏற்கெனவே பெரிதாகிவிட்ட துளைக்கு 8 மில்லிமீட்டர் பிளக் பிடிக்கும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர்க்குழாய் போகும் என்பதால் அந்தக் கோட்டில் துளைக்கவே கூடாது.

கேள்வி: படம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? வீட்டில் தினமும் இதே பேச்சு.
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: நம் வீடுகளில் பாட்டன் பாட்டி படங்களை நிலைக்கு மேல் முன்சாய்த்து மாட்டிப் பழகிவிட்டதால், எல்லாப் படமும் அங்கேயே போய்விடுகிறது. அவை அண்ணாந்து வணங்குவதற்கானவை. கேன்வாஸ் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில், அதாவது கண் மட்டத்தில் இருக்கட்டும். 36 அங்குல உயரப் படமானால் 57-உடன் அதன் பாதியான 18-ஐக் கூட்டுங்கள். கொக்கி மேல்விளிம்பிலிருந்து 2 அங்குலம் தாழ இருந்தால் அதைக் கழியுங்கள். ஸ்க்ரூவின் இடம் 73 அங்குலம். சோபாவுக்கு மேலென்றால் அதன் முதுகுக்கும் படத்துக்கும் இடையில் 6 முதல் 8 அங்குலம் விட்டால் போதும். துளைக்கும் முன் அதே அளவில் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். பேச்சு அதிலேயே தீர்ந்துவிடக்கூடும்.

கேள்வி: வாடகை வீடு. துளை போட அனுமதி இல்லை. ஒட்டும் பட்டைகள் தாங்குமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: சிறிய படத்தைத் தாங்கும். ஆனால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவரில், கழற்றும்போது பெயின்டும் பட்டியும் சேர்ந்து உரிந்து வந்து, முன்பணத்தில் கழிக்கும்படி ஆகலாம். சுண்ணாம்படித்த சுவரில் அது ஒட்டவே ஒட்டாது. பெரிய படத்தை இடுப்பளவு அலமாரியின் மேல் சுவரோடு சாய்த்து வைத்து, அடியில் பழைய சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டிப் போடுங்கள், வழுக்காது.