கரண்ட், தண்ணீர் உட்பட 12,000 வாடகை: எடுக்கலாமா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவியுடன் மதுரையிலிருந்து வருகிறேன். கொரட்டூரில் சிங்கிள் பெட்ரூம் வீடு இரண்டு பார்த்தோம். ஒன்றுக்கு வாடகை 9,000, மெயின்டனன்ஸ் 500, கரண்ட் தனி. இன்னொன்று எல்லாம் உட்பட 12,000. எங்களிடம் ஒரு ஏ.சி. இருக்கிறது. எது கட்டுப்படியாகும்?

பதில்: வாடகையை விடுங்கள், முதலில் மீட்டரைப் பாருங்கள். 9,000 ரூபாய் வீட்டுக்குத் தனி ஈ.பி. மீட்டர் உண்டா, இல்லை வீட்டுக்காரர் தன் ஈ.பி. மீட்டருக்குக் கீழே, உங்கள் பங்கை அளக்க மாட்டிய சப் மீட்டரா?

தனி மீட்டர் என்றால் கணக்கு எளிது. ஏ.சி. இல்லாத மாதங்களில் இருவருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மிச்சத்துக்குச் சுமார் 700 ரூபாய், அதாவது மாதம் 350. கோடையில் ராத்திரி முழுக்க ஏ.சி. போட்டு 700 யூனிட் ஆனால் பில் 3,800 ரூபாயை ஒட்டி வரும்; மாதம் 1,900. அப்போதும் மெயின்டனன்ஸையும் சேர்த்து 11,400தான். 500 யூனிட் ஒரு கோடு. அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும். சரியாக 500 என்றால் ஏறக்குறைய 1,800 ரூபாய். ஒரு யூனிட் கூடினாலும் 2,000 தாண்டும்.

சப் மீட்டர் என்றால் கதையே வேறு. யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றார்களானால், அதே 700 யூனிட்டுக்கு மாதம் 3,500. மொத்தம் 13,000. அங்கே 12,000 வீடே மேல். வீட்டுக்காரர் கொள்ளையடிக்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று போர்ஷனும் ஒரே மீட்டரில் ஓடினால் இலவச 100 யூனிட்டும் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்றுதான். மொத்தம் சுலபமாக 500-ஐத் தாண்டி, யூனிட் விலை கூடிய மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். ஆனாலும் கடைசி ஈ.பி. பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

வீடு பார்க்கப் போகும்போது உள்ளே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். சிவப்பு விளக்கு இன்னும் விட்டுவிட்டு எரிந்தால் மாடிப்படி விளக்கோ மோட்டாரோ உங்கள் தலையில் ஓடுகிறது. குழாயைத் திறந்து சோப்பு போட்டுப் பாருங்கள். நுரை வராமல் பிசுக்கென்று நின்றால், குழாயடியில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால், உப்புத் தண்ணீர் போர்வெல். 'தண்ணீர் உட்பட' என்பது இந்தத் தண்ணீரைத்தான். குடிக்க, சமைக்க கேன் வாங்கும் செலவு உங்களுடையது.

12,000 வீட்டில் எனக்கு உறுத்துவது வேறு. வருடாவருடம் வாடகை ஏற்றும்போது கரண்ட், தண்ணீருக்கும் சேர்த்தே சதவீதம் ஏறும். அட்வான்ஸும் 12,000-ஐ வைத்தே கேட்பார்கள். அதனால் அக்ரிமெண்டில் வாடகை 9,500, கரண்ட்-தண்ணீர் 2,500 என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஏ.சி. வரும் என்பதை இப்போதே சொல்லி, எத்தனை யூனிட் வரை அடக்கம், மேலே போனால் என்ன ரேட் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் மாட்டினால், அடுத்த மே மாதம் கதவைத் தட்டுவார்கள்.

சென்னையில் 10 மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதைச் சொல்லியே பேசிப் பாருங்கள். வாடகைத் தகராறு என்று கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தவும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்ளுங்கள்.

தனி மீட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 9,000 வீடு. சப் மீட்டராக இருந்து, 12,000 வீட்டுக்காரரும் அப்படி எழுதித் தர மறுத்தால் இரண்டையும் விட்டுவிட்டு, பட்டரவாக்கம், திருமுல்லைவாயல் பக்கம் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுங்கள். மின்சார ரயில் இருப்பதால் எஸ்டேட்டுக்கு வந்துபோகச் சிரமமில்லை. தெருமுனை இஸ்திரிக் கடைக்காரருக்கு எந்த வீடு காலி என்பது புரோக்கருக்கு முன்பே தெரிந்திருக்கும்; கமிஷனும் மிச்சம்.