வீடியோ கேம் போட்டியைக் கல்லூரி விளையாட்டாகச் சேர்க்கலாமா?

நாகர்கோவில் கல்லூரியில் படிக்கும் தம்பி கேட்ட கேள்வி இது. சேர்க்கலாம் என்பதே என் பதில், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது.

"உட்கார்ந்த இடத்தில் ஆடுவதெல்லாம் விளையாட்டா?" என்பார்கள். சதுரங்கத்தை ஒப்புக்கொண்ட தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி எடுபடாது. என் அக்கா மகன் போட்டிக்கு முன் விரல் வியர்வையில் வழுக்காமலிருக்கப் பவுடர் தடவுவான். அப்புறம் இரண்டு மணி நேரம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான்.

அங்கீகாரமும் வந்துவிட்டது. அமெரிக்காவின் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் 2014-லேயே உதவித்தொகை கொடுத்து வீடியோ கேம் அணி சேர்த்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை, அதாவது வீடியோ கேம் போட்டியை, பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் போட்டிகளின் ஒரு பிரிவாக ஏற்றது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பதக்கமே கொடுத்தார்கள்.

சரி, சிக்கல் எங்கே? தூத்தூர் கடற்கரையில் பையன்கள் உதைக்கும் பந்து யாருடைய கம்பெனிச் சொத்தும் இல்லை. கேம் அப்படியல்ல. விதியை ஒரே அப்டேட்டில் உரிமையாளர் மாற்றலாம். அரசும் தடுக்கலாம்: 2020 செப்டம்பரில் பப்ஜி என்ற மொபைல் கேம் தடையானது நினைவிருக்கும். ஒரே கேமை நம்பி அணி கட்டியிருந்தால் அன்றோடு அணி காலி.

அதனால் தனிப் பிரிவாக வையுங்கள். பணம் கட்டி ஆடும் கேம் வேண்டவே வேண்டாம். மைதானத்துக்கு ஒதுக்கிய காசை மட்டும் கம்ப்யூட்டர் அறைக்குத் திருப்பாதீர்கள்.