சரிவில் நிற்கும் காருக்கு ஒயில் அளக்காதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கார் பற்றியவை. ஆச்சரியமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததையே தட்டித் தட்டி ஓட்டினோம். இப்போதும் புதியதன் விலையைக் கேட்டால் பழையதன் மேல் தனிப் பாசம் வந்துவிடுகிறது.

கேள்வி: அண்ணே, பழைய 800 சீசீ கார் ஒன்று வாங்கி ஆறு மாதமாகிறது. கராஜுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சொன்னதற்கு மேல்தான் பில் வருகிறது. சின்ன வேலைகளை நானே செய்யலாம் என்று பார்க்கிறேன். ஸ்பானரைக் கையில் பிடித்ததுகூட இல்லை. எங்கே தொடங்குவது, என்னென்ன வாங்குவது?
– ஓர் ஆசிரியை, தலவாக்கலை

பதில்: டீச்சர், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு சமமான இடம் தேடுங்கள். சிரிக்காதீர்கள், நம் பக்கத்தில் அது ஸ்பானர் செட்டை விட அரிதான பொருள்.

என் கதையைக் கேளுங்கள். முதல் காரை வாங்கிய புதிதில், லயத்துக்கு மேலே ரோட்டோரத்தில், மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி வைத்திருந்தேன். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம். பதறிப்போய் கடைக்கு ஓடி ஒரு லீற்றர் வாங்கி முழுவதையும் ஊற்றினேன். மறுநாள் தேயிலை ஸ்டோர் முன்னால் சமதரையில் நிறுத்திப் பார்க்கிறேன், மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு ஒயில் நிற்கிறது. கார் சாய்ந்து நின்றால் அடியில் இருக்கும் ஒயிலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். கம்பி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப அளவு கூடியோ குறைந்தோ காட்டும். அளவுக்கு மேல் ஒயில் இருந்தால் உள்ளே சுற்றும் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும், புகை வரும், சீல் கசியும். ஊற்ற ஒரு காசு, இறக்க ஒரு காசு என்று இரண்டு தரம் கொடுத்தேன்.

ஆகவே பெரட்டுக்களமோ, கோயில் முற்றமோ, பள்ளிக்கூட மைதானத்து ஓரமோ, நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கும் இடம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்ஜினை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுங்கள். கம்பியை இழுத்துத் துடைத்து, அடிவரை திரும்பச் செருகி, இரண்டாம் தரம் இழுப்பதுதான் கணக்கு. கீழ்க்கோட்டுக்கும் மேல்க்கோட்டுக்கும் இடையில் சின்னக் கார்களில் ஏறத்தாழ ஒரு லீற்றர்தான் வித்தியாசம் என்பதால், ஊற்றினாலும் கால் லீற்றர் கால் லீற்றராக ஊற்றிப் பாருங்கள்.

முதல் மூன்று மாதம் பொனட்டைத் திறந்ததும் கைக்கு எட்டும் வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒயில் மட்டம், கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மட்டம், பிரேக் ஒயில் மட்டம் மூன்றையும் வாரம் ஒருமுறை கண்ணால் பார்த்து ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கொப்பி திருத்துகிற உங்களுக்கு இது பெரிய வேலையா என்ன? மட்டம் குறைந்துகொண்டே போவது கொப்பியில்தான் தெரியும், ஒரு நாள் பார்த்தால் தெரியாது.

எயார் பில்டர் பெட்டிக்குப் பெரும்பாலும் நாலு கிளிப்தான், ஸ்பானரே வேண்டாம். தோட்டப் பாதையில் ஓடுகிறவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, புழுதிக் காலத்தில், அதைக் கழற்றிப் பார்த்தால் திகைத்துப்போவார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மடிப்புகளுக்கு இடையே வெளிச்சம் தெரியாவிட்டால் புதியது போடுங்கள். வருடா வருடம் புகைப் பரிசோதனைக்கு முன்னால் இதைப் பார்ப்பது புத்திசாலித்தனம். மூச்சு முட்டும் என்ஜின் அங்கே தோற்றுப்போனால் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது.

பற்றரி முனையில் பூஞ்சணம் போல வெள்ளையும் நீலமுமாகத் தூள் பூத்திருந்தால், கடையில் விற்கிற ஸ்பிரே எதுவும் வேண்டாம். குசினியில் இருக்கும் அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கழற்றும்போது மைனஸ் முனை முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த ஒழுங்கை மாற்றினால் ஸ்பானர் காரின் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும்.

சரி, இப்போது வாங்கலாம். 8 முதல் 19 மில்லிமீற்றர் வரையான ரிங் ஸ்பானர்கள், ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, கையுறை, நெற்றியில் கட்டும் டோர்ச், டயர் காற்று அளக்கும் மீற்றர். மீற்றரில் மட்டும் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். காற்று எவ்வளவு வேண்டும் என்பது சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். காலையில், ஓடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். குளிர்ந்திருக்கையில் சரியாக அடித்த டயர், ஓடிச் சூடேறியதும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடிக் காட்டும். அப்போது இறக்கிவிட்டால் ஆறியதும் குறைந்து நிற்கும்.

நூறு துண்டு கொண்ட பெட்டி, பாதி விலை என்றெல்லாம் சந்தை நாளில் விற்பார்கள். அதில் தொண்ணூறு உங்களுக்குத் தேவைப்படாது, மிச்சம் பத்தும் நட்டின் மூலையை மழுக்கிவிடும்.

கேள்வி: ஒயில் மாற்றுவதையும் நானே செய்ய ஆசை. கராஜில் 3000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்கிறார்கள், காரோடு வந்த புத்தகத்தில் அதைவிட மிக அதிகம். மலைக்கு 20டபிள்யூ-50 தான் நல்லது, பீப்பாயிலிருந்து அளந்து தருகிறேன், மலிவு என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– தனியார் நிறுவன ஊழியர், ஹட்டன்

பதில்: பீப்பாய் ஒயில் வேண்டாம் தம்பி. அதில் இருப்பது எது என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். மூடியின் வளையம் அறுபடாத கேனாகப் பார்த்து வாங்குங்கள். பின்பக்கத்தில் ஏபிஐ (API) என்ற வட்ட முத்திரையும் எஸ்என் (SN) அல்லது எஸ்பி (SP) என்ற தரமும் இருக்க வேண்டும். எஸ்பி 2020இல் வந்தது, அது எஸ்என்னுக்கும் மேல். வேலை முடிந்ததும் காலிக் கேனில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுத்தான் எறியுங்கள். நல்ல பெயர் போட்ட, ஓட்டையில்லாத காலிக் கேனைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் எதை நிரப்பித் திரும்ப விற்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

20டபிள்யூ-50 என்பதில் முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதாக இருந்தால் குளிரில் சீக்கிரம் ஓடும். இங்கே ஜனவரி விடியலில் காரை எழுப்பும்போது தேன் போலக் கெட்டியான ஒயில் மேலே ஏற நேரமெடுக்கும், அதுவரை உலோகம் உலோகத்தோடு உரசும். புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே போடுங்கள். புகை கக்குகிற கிழட்டு என்ஜினுக்குக் கெட்டி ஒயில் சில காலம் கைகொடுக்கும், ஆனால் அதையும் புத்தகம் அனுமதிக்கும் எண்ணுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிலோமீற்றர் கணக்கில் இரண்டு பேர் சொல்வதும் முழுச் சரியில்லை. அதே புத்தகத்தில் கடினமான ஓட்டம் என்று ஒரு பகுதி இருக்கும், பலர் அதைப் புரட்டுவதே இல்லை. புழுதிப் பாதை, தொடர் ஏற்றம், இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் முடியும் குறுகிய ஓட்டம் எல்லாம் அதில் வரும். நம் வாழ்க்கையே அந்தப் பட்டியல்தான். அங்கே சொல்லியிருக்கிற குறைந்த கணக்கை எடுங்கள். மூன்று லீற்றருக்கும் குறைவாகப் பிடிக்கும் என்ஜினுக்கு நாலு லீற்றர் கேனை வாங்கவும் வேண்டாம், அளவைப் பார்த்து வாங்குங்கள்.

நீங்களே மாற்றுவது பற்றி: முதல் இரண்டு தரம் பழக்கமான ஒருவரோடு சேர்ந்து, சீமெந்தால் கட்டிய சேவிஸ் மேடையில் செய்யுங்கள். காரோடு வருகிற ஜாக்கி டயர் மாற்றத்தான். அதில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது, அதுவும் சரிவில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. பழைய ஒயில் பில்டரைத் திருகிக் கழற்றும்போது அதன் கறுப்பு ரப்பர் வளையம் சில நேரம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். கறுப்பில் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புதியதைப் பூட்டினால், என்ஜினை எழுப்பிய ஒரு நிமிடத்தில் இரண்டு வளையத்துக்கும் நடுவால் ஒயில் பீய்ச்சி அடிக்கும். எனக்கு நடந்தது; புது ஒயில் முழுவதும் சீமெந்தில் கோலமாய் ஓடியது. இன்றுவரை கழற்றிய பில்டரைக் கவிழ்த்து வளையம் அதில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் புதியதைத் தொடமாட்டேன். புதிய வளையத்தில் ஒரு சொட்டு ஒயில் பூசி, கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை அழுவீர்கள்.

கழிவு ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். கான் தண்ணீர் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது. கேனில் அடைத்து சேவிஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாசம் வருகிறது. பேட் நானே மாற்றலாமா?
– கந்தப்பளை வாசகர்

பதில்: பேட்டை, அதாவது சக்கரத் தட்டை அழுத்தி நிறுத்தும் கட்டையை, பாருங்கள், மாற்றாதீர்கள். சக்கரத்தின் இடைவெளியால் டோர்ச் அடித்தாலே தெரியும். புதியது 10 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும், 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் கராஜுக்குப் போங்கள். முதல் வருடத்தில் பிரேக் வேலையை நீங்களே செய்வது மிச்சப்படுத்துவதாகாது.

ஆனால் உங்கள் வாசத்துக்குக் காரணம் பேட்டாக இல்லாமலும் இருக்கலாம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கம்பளைக்கு வரும்போது 1300 மீற்றருக்கு மேல் இறங்கியிருப்பீர்கள். அவ்வளவு தூரத்தையும் பிரேக்கை மிதித்தே இறங்கினால் கருகாமல் என்ன செய்யும்? ஏறும்போது எந்தக் கியர் போட்டீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் என்றால் எல், அல்லது 2. ஹைப்பிரிட் சிலதில் பி (B; நிறுத்தி வைக்கும் P அல்ல).

அடுத்தது பிரேக் ஒயில். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. நம் மூடுபனியில் கேட்கவா வேண்டும். டின்னில் டொட் 3 என்று தரம் போட்ட ஒயிலுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. இறக்கத்தில் சூடேறி அது கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் வரும், பெடல் பஞ்சு போலத் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள். டின்னை நீங்களே வாங்கிக் கொடுப்பதானால் சீல் உடைக்காத சின்ன டின். கடையில் பாதி கிடக்கும் திறந்த டின்னை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: வைப்பர் பிளேடும் பில்டரும் வாங்கினேன். பில்டர் என் காருக்குப் பொருந்தவில்லை, ‘சரியானதுதான்’ என்று சொல்லித்தான் தந்தார்கள். பில் இல்லாமல் மாற்ற முடியாது என்கிறார்கள். பில் தந்ததே இல்லை.
– பதுளை

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. முதலில் அமைதியாக இதைச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே பொங்கலுக்கு வாங்கியதைத் தீபாவளிக்குக் கிளறாதீர்கள்.

இனிமேல் பழைய பில்டரையே கையில் கொண்டுபோங்கள், அல்லது அதன் எண்ணைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் கொண்ட காருக்கு வருடத்துக்கு வருடம் பில்டர் மாறும். பில்லில் வாகன இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். டயர் வாங்கினால் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. புதியது என்று ஐந்து வருடப் பழசை விற்பதும் நடக்கிறது.

கேள்வி: ரேடியேட்டருக்குப் பீலித் தண்ணீர் போதாதா? சுத்தமான ஊற்று நீர்தானே.
– நானுஓயா

பதில்: குடிக்க அருமை. ரேடியேட்டருக்கு ஆபத்துக்கு ஒரு நாள் ஊற்றலாம், அதோடு சரி. ஊற்று நீரிலும் கரைந்த தாதுக்கள் உண்டு, துருவைத் தடுக்கும் மருந்து இல்லை. இன்னொன்று: உங்கள் உயரத்தில் தண்ணீர் 94, 95 பாகையிலேயே கொதிக்கிறது. பருப்பு வேக நேரமெடுப்பது அதனால்தான். என்ஜின் சாதாரணமாக ஓடும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூடி கொடுக்கும் அழுத்தமும் கூலண்டும் சேர்ந்துதான் கொதிக்காமல் காக்கின்றன. அதனால் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் கூலண்டுக்கு முன் மூடியை மாற்றுங்கள், அதுதான் மலிவு. பச்சைக் கூலண்டையும் சிவப்புக் கூலண்டையும் கலக்க வேண்டாம். ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்பதா, நீங்கள் கலக்க வேண்டியதா என்று லேபலைப் படித்து வாங்குங்கள்.

சூட்டோடு மூடியைத் துணி போர்த்தித் திறக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிடித்தபடியே நிதானமாக இருபது வரை எண்ண முடிந்தால் அப்புறம் திறக்கலாம்.